நார்னியாவிலிருந்து குளித்தலை வரைக்கும்… தெரியுமா?

சி. எஸ். லூயிஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். துணி அலமாரிக்குள் நுழைந்தால் பனி பெய்யும் நார்னியா, அஸ்லான் என்ற சிங்கம், சினிமாவாகவும் வந்து உலகைச் சுற்றிய கதைகள். நாத்திகராக இருந்த அந்த லூயிஸ், கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்த கதையை 1955இல் 'சர்ப்ரைஸ்ட் பை ஜாய்' என்ற தன்வரலாறாக எழுதினார். அந்தப் புத்தகத்தை யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? அந்த மனிதரின் கல்லறை இங்கிலாந்தில் இல்லை. நம் கரூர் மாவட்டத்தில், குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளி என்ற கிராமத்தில், காவிரிக்கரையில் இருக்கிறது!

அவர் பெயர் பீட் கிரிஃபித்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் லூயிஸின் மாணவர். ஆசிரியரும் மாணவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், புத்தகம் புத்தகமாகப் படித்து, ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, விவாதித்து, விசுவாசத்தை நோக்கி நடந்தவர்கள். படிப்பு முடிந்ததும் கிரிஃபித்ஸ் இரண்டு நண்பர்களோடு ஒரு கிராமத்து வீட்டுக்குக் குடிபோனார். மாடு கறந்து பால் விற்றார்கள், பைபிளைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். முதலில் இலக்கியம் என்றுதான் தொடங்கினார்கள். அந்தப் படிப்பு அவரைத் துறவியாக்கிவிட்டது. 1955இல், லூயிஸின் புத்தகம் வந்த அதே ஆண்டில், கப்பலேறி இந்தியா வந்தார். கேரளத்துக் குரிசுமலையில் சில ஆண்டுகள் இருந்தார். 1968இல் குளித்தலை வந்தவருக்கு அடுத்த 25 ஆண்டுகளும் காவிரிக்கரைதான் வீடு. காவி உடுத்தி, வெறும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குடிசையில் இருந்தபடி எழுதினார். 1993 மே மாதம் அந்தக் குடிசையிலேயே கண்மூடினார்.

குளித்தலை கொங்கு நாடா என்று கேட்பீர்கள். கொங்கின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பழைய வெண்பாவில் கிழக்கு எல்லையே குளித்தலைதான்! எல்லைக்கோட்டிலேயே இருக்கிறார் நார்னியாக்காரரின் தோழர்.

அவர் போய்ச் சேர்ந்த சாந்திவனம் ஆசிரமமும் லேசுப்பட்ட இடம் கிடையாது. 1950இல் ஜூல் மோன்ஷானின், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. லெ சோவைத்தான் அபிஷிக்தானந்தா என்று உலகம் அறியும். திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைத் தரிசித்து, குகைகளில் தங்கி, அந்த அனுபவத்தை எழுதிவைத்தவர். அவருடைய நாட்குறிப்பை இன்றைக்கும் உட்கார்ந்து ஆராய்கிறார்கள். கிரிஃபித்ஸ் எழுதிய 'த கோல்டன் ஸ்ட்ரிங்' (1954) இந்தியா வருவதற்கு முந்தையது. 'ரிட்டர்ன் டு த சென்ட்டர்' (1976), 'த மேரேஜ் ஆஃப் ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்' (1982) இரண்டும் சாந்திவன நாட்களில் வந்தவை. இந்த ஆசிரமத்துக் கருத்துகளோடு உடன்படாத கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். உடன்படாவிட்டாலும் படித்துவிட்டு உடன்படாமல் இருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கரூர் பஸ்ஸில் திருச்சிக்குப் போகிற வழியில் இப்படி ஒரு நூலகமே பிறந்திருக்கிறது!

இன்னொன்று கேளுங்கள். லூயிஸ் 1945இல் 'தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் ஓர் இந்தியக் கிறிஸ்தவ ஞானி வருகிறார், 'சூரா' என்று பெயர். நேரில் தோன்றுவதில்லை, மற்றவர் பேச்சில்தான் வருகிறார். பெரிய ஆபத்து ஒன்று வரப்போகிறது என்று முன்பே உணர்ந்து சொல்லிவிட்டு, ஒருநாள் காணாமல் போய்விடுகிறார். 1929இல் திபெத்துக்குப் புறப்பட்டுப் போய்த் திரும்பாமலே போன சாது சுந்தர் சிங்தான் இந்த சூரா என்று லூயிஸின் வாசகர்கள் பலர் கருதுகிறார்கள். சாது சுந்தர் சிங்கை ஆங்கில உலகத்துக்குப் பெரிய அளவில் அறிமுகம் செய்த நூல்களில் ஒன்று 1921இல் வந்த 'த சாது'. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஸ்ட்ரீட்டரும் அவருடன் ஓர் இளைஞரும் சாதுவைச் சந்தித்து, மணிக்கணக்கில் பேசி, அதைப் புத்தகமாக்கினார்கள்.

அந்த இளைஞர் யார் தெரியுமா? பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி. பின்னாளில் நம்ம கோயம்புத்தூருக்கு வந்த ஆயர்!

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் கோவைத் திருமண்டலத்தை உண்டாக்கியபோது அதன் முதல் ஆயராக வந்தவர் அவர்தான். 1959 வரை இருந்தார். ரேஸ்கோர்ஸ் பக்கம் காலை நடை போகிற கோவைக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? யோவான் நற்செய்தியின் ஞானத்தையும் நம் பக்தி மரபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 'கிறிஸ்டியானிட்டி ஆஸ் பக்தி மார்க்கா' 1927இலும் 'வாட் இஸ் மோட்சா?' 1931இலும் வந்தன. ஆழ்வாரும் நாயன்மாரும் மாணிக்கவாசகரும் பாடிய மண்ணில் கிறிஸ்துவை எந்தக் குரலில் பாடுவது என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சுந்தர் சிங்கின் முழு வாழ்க்கை வரலாற்றை 1958இல் வெளியிட்டபோது அவர் கோவை ஆயர். ஒரு பக்கம் கிராமம் கிராமமாகச் சபைகளைப் பார்க்கிற வேலை, இன்னொரு பக்கம் இமயத்தில் தொலைந்துபோன சாதுவின் தடத்தைத் தேடிப் பக்கம் பக்கமாக எழுதுகிற வேலை. நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது!

அவர் அதோடு நிற்கவில்லை. 1966இல் 'தமிழ் கிறிஸ்டியன் போயட்' என்ற நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் கதை. இங்கே நம் தமிழ்க் கிறிஸ்தவப் புனைவின் அடிவேர் வருகிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஜான் பனியன் என்று ஒருவர். பாத்திரம் ஒட்டுகிற தொழில். அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 12 ஆண்டுகள் சிறை. அவர் எழுதிய 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' 1678இல் வந்தது. முதுகில் பாவச்சுமையோடு அழிவின் நகரத்தை விட்டு ஓடிவரும் ஒரு மனிதனின் பயணம். நம் வீடுகளில் 'மோட்சப் பிரயாணம்' என்றால் பாட்டிமார்களுக்குக்கூடத் தெரியும். ஞாயிறு பள்ளியில் பரிசாக வாங்கியவர்கள் எத்தனையோ பேர். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த கிருஷ்ணபிள்ளை, கம்பராமாயணத்தில் ஊறியவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் கதையை எடுத்து 'இரட்சணிய யாத்திரிகம்' என்று தமிழ்க் காப்பியமாகவே ஆக்கிவிட்டார். 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள்! 1894இல் நூலாக வந்தது. அதற்கு முன் பாளையங்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த 'நற்போதகம்' மாத இதழில் ஆண்டுக்கணக்கில் தொடராக வந்திருக்கிறது. வார இதழ்த் தொடர்கதைக்குக் காத்திருந்த தலைமுறை நம்முடையது. அந்தக் காலத்துச் சபை மக்கள் ஒரு காப்பியத்துக்காக மாதாமாதம் காத்திருந்தார்கள். அடுத்த இதழ் வருகிற வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்து என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்!

சிறையில் கிடந்த ஆங்கிலத் தொழிலாளி, அவர் கதையைக் கம்பன் நடையில் பாடிய நெல்லைப் புலவர், அந்தப் புலவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கோவையின் முதல் ஆயர், அதே ஆயர் எழுதிய சாதுவின் சாயலைத் தன் நாவலில் ஏற்றியதாகப் பலர் கருதும் லூயிஸ், அந்த லூயிஸின் புத்தகக் காணிக்கையைப் பெற்றுக் குளித்தலையில் அடங்கிய துறவி. எங்கே தொட்டாலும் இந்தப் புத்தகங்கள் கொங்கு மண்ணை வந்து தொடுகின்றன.

சரி, இப்போது மலையேறுவோம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாலையெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்பே, 1914 ஜூலையில், அந்த மலைமேல் ஒரு குழந்தை பிறந்தது. அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின். ஓவியம் வரையத் தெரிந்த, லண்டனில் வசதியான வீட்டுப் பெண் அந்த அம்மா. காய்ச்சலுக்குப் பேர்போன மலையில் மரவீடு கட்டி, மருந்து கொடுத்து, பள்ளி நடத்தி, நற்செய்தி சொல்லி வாழ்ந்தார்கள். அப்பா பையனைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கரையான் புற்றைக் காட்டுவார், பறவையைக் காட்டுவார், படைத்தவரின் கைவேலையைச் சொல்லிக்கொடுப்பார்.

ஒன்பது வயதில் பையனைப் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அப்புறம் கடிதங்கள்தான். 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி போய்விட்டது. ஆனால் கப்பல் மெதுவாகத்தானே போகும்? அப்பா இறந்த செய்தி வந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன, காட்டு மரங்களைப் பற்றியும் மலைக் காட்சிகளைப் பற்றியும். 15 வயதுகூட நிறையாமல் அப்பாவை இழந்த அந்தப் பையன்தான் டாக்டர் பால் பிராண்ட்!

தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று வேலூர் சி.எம்.சி.யில் காட்டி, உலக மருத்துவத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். தொழுநோயில் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் மனிதர்கள் தம்மையே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதை உலகுக்கு விளக்கியவரும் அவரே. இது கிறிஸ்தவ நூல்களுக்குள் எப்படி வந்தது என்கிறீர்களா? ஃபிலிப் யான்சி என்ற இளம் அமெரிக்கப் பத்திரிகையாளர் வலியைப் பற்றி எழுதப்போய் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். வேலூர் மருத்துவமனை ஆலயத்தில் பிராண்ட் முன்பு பேசிய தியானங்களின் பழைய தாள்கள் வெளியே வந்தன. அதிலிருந்து 1980இல் 'ஃபியர்ஃபுல்லி அண்ட் வொண்டர்ஃபுல்லி மேட்', 1984இல் 'இன் ஹிஸ் இமேஜ்', 1993இல் 'பெயின்: த கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்'. தோல், எலும்பு, ரத்தம், நரம்பு என்று உடம்பின் ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, திருச்சபை என்ற உடலைப் பற்றிப் பேசுகிற அபூர்வமான எழுத்து. வலியைக் கடவுளின் கொடை என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? வலியே இல்லாமல் போனவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்தவருக்கு உண்டு. கிறிஸ்தவ அபுனைவு நூல்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அந்த மூன்றாவது புத்தகத்தைத்தான் எடுப்பேன். கொல்லிமலைப் பிள்ளைப் பருவம் அதன் பக்கங்களில் விரிகிறது. மலை வீட்டுக்கு வந்த மூன்று தொழுநோயாளிகளுக்கு அப்பா கையுறை போட்டுக்கொண்டு கட்டுப்போட்டதை ஒரு சிறுவன் தள்ளி நின்று பார்த்த காட்சி, பின்னால் அதே சிறுவன் கையுறையை மறந்து அந்தக் கைகளை ஏந்திய காலம். இரண்டையும் ஒரே மூச்சில் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

அம்மா எவலின் என்ன ஆனார்? அது இன்னொரு புத்தகம்! டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1976இல் 'கிரானி பிராண்ட்' எழுதினார். மகனைப் பற்றி 'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்' (1965) எழுதியவரும் அவரே, வேலூர் மருத்துவர் ஐடா ஸ்கடரைப் பற்றி 'டாக்டர் ஐடா' (1959) எழுதியவரும் அவரே. ஓய்வு வயது வந்துவிட்டது, ஊருக்குப் போங்கள் என்று மிஷன் சொன்னபோது எவலின் அம்மையார் மிஷன் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், மலையிலிருந்து இல்லை. எழுபதை நெருங்கிய வயதில் தனியாளாக மீண்டும் மலைக்குப் போனார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்ராயன், சித்தேரி என்று மட்டக்குதிரையில் ஏறி இறங்கினார். 95 வயதில், 1974 டிசம்பரில், இறந்தார். 45 ஆண்டுகளுக்கு முன் புதைத்த கணவருக்குப் பக்கத்திலேயே, கொல்லிமலையில் அவரையும் அடக்கம் செய்தார்கள். ஆகாய கங்கை அருவி பார்க்கப் போகிறவர்கள் இந்தப் புத்தகத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். மலையே வேறாகத் தெரியும்.

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இன்னும் பழைய பெருமை ஒன்று உண்டு. 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் சூட்டிக்கொண்டு காவி கட்டிய அந்த இத்தாலியர், சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். 'ஞானோபதேசம்', 'ஆத்தும நிர்ணயம்' என்று தமிழ் உரைநடையில் கனமான நூல்களை எழுதியவர் நடந்த புழுதி நம் புழுதி.

கோவை அவிநாசி ரோட்டில் போனால் கருமத்தம்பட்டி வரும், ஜெபமாலை மாதா கோயில் ஊர். 1846 அக்டோபரில் அங்கே ஒரு பிரெஞ்சுக் குருவுக்கு ஆயர் பட்டம் கட்டினார்கள். மரியோன் பிரெசியாக் என்று பெயர், வயது 32. சாதி வேற்றுமை சார்ந்த பழக்கங்களைத் திருச்சபைக்குள் அனுமதிக்கலாமா என்ற கேள்வி அவர் மனசாட்சியை வாட்டியது. பதவியை விட்டு விலகி ஐரோப்பா திரும்பி, 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859இல் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் கால் வைத்த சில வாரங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். இந்தியாவில் கழித்த 12 ஆண்டுகளை அவர் நினைவுக் குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார். சேலமும் கோவையும் கருமத்தம்பட்டியும் நிறைந்த அந்தப் பிரெஞ்சுப் புத்தகம், ஆப்பிரிக்காவில் வேலை செய்யும் ஒரு சபையின் மூல நூல்களில் ஒன்று! ஆப்பிரிக்காவின் எத்தனையோ சபைகளுக்கு முன்கதை நம் கருமத்தம்பட்டியில் எழுதப்பட்டிருக்கிறது.

கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து நெல்லைக்கு நடந்தே போன வழியில் நீலகிரியும் கோவையும் உண்டு. மக்களையும் பேச்சையும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றே நடந்தார். 15 ஆண்டு கழித்து வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்கு அந்த நடையும் ஒரு பாடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே ஊட்டியில் 1880களில் கிருபாபாய் சத்தியநாதன் இருந்தார். தோடர்களைப் பார்க்கப் போன அனுபவத்தைப் பத்திரிகையில் எழுதித் தன் எழுத்தைத் தொடங்கினார். பின்னால் 'சகுணா', 'கமலா' என்று இரண்டு ஆங்கில நாவல்கள். ஒரு கிறிஸ்தவப் பெண் தன் பிள்ளைப்பருவத்தையும் படிப்பு வேட்கையையும் நாவலாக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று 'சகுணா'. 32 வயதிலேயே 1894இல் மறைந்தார்.

ஈரோட்டை விட்டுவிட முடியுமா? எச். ஏ. பாப்ளி என்ற லண்டன் மிஷன்காரர் அங்கே பணி செய்தார். நம் ராகதாளங்களைக் கற்றுக்கொண்டு, கதாகாலட்சேபம் போலவே பாடி நற்செய்தி சொன்னவர். 1921இல் 'த மியூசிக் ஆஃப் இந்தியா' எழுதினார். 1931இல் 'த சேக்ரெட் குறள்' என்று திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதே ஈரோட்டிலிருந்துதான் 1925 முதல் பெரியாரின் 'குடிஅரசு' வந்தது. மதத்தையே கேள்வி கேட்ட பத்திரிகை. அந்தப் பெரியார் 1949இல் திருக்குறளுக்கு மாநாடே நடத்தினார். எதிரெதிர்த் திசையில் நின்ற ஈரோட்டுக்காரர்கள் இருவர், கையில் ஒரே நூல்!

அச்சுக் கதையை ஓட்டமாகவே சொல்லிவிடுகிறேன், பலரும் சொன்னதுதான். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் வேத போதனைப் புத்தகம், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வந்த 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்', அதன் பிரதி இருப்பது ஹார்வர்டில். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்கிறது அந்த மிஷன் வரலாறு! 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் முடிந்தது. அந்தப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்த முதல் வாசகர்களை நினைத்துப் பாருங்கள்.

புனைவுக்கு வருவோம். குழந்தைகளுக்குச் சொல்லிச் சிரிக்கும் பரமார்த்த குருவும் சீடர்களும் ஒரு பாதிரியார் எழுதியது, வீரமாமுனிவர் கைவண்ணம். 1822இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதிய வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கர். கிறிஸ்தவ வாழ்க்கையையே ஊடும் பாவுமாக வைத்து நெய்த நாவல்களும் வந்தன. குமரி மண்ணின் பனையேறிகளையும் அவர்கள் வேதக்கோயிலையும் ஹெப்சிபா ஜேசுதாசன் 'புத்தம் வீடு' (1964) நாவலில் எழுதினார். லிஸி என்ற பெண்ணை ஒருமுறை படித்தால் மறக்க முடியாது. பாமாவின் 'கருக்கு' (1992) சபைக்குள்ளேயே சாதி படுத்தும் பாட்டை முகத்துக்கு நேராகச் சொன்னது. பிரெசியாக் ஆயரைப் பதவி விலக வைத்த கேள்வியை, நூற்று நாற்பது ஆண்டு கழித்து, அந்தக் கொடுமையை அனுபவித்த பெண்ணே எழுதினார். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்துவிட்டுப் பேச உட்காரும் சபை எதுவோ, அந்தச் சபையில் போய் உட்கார எனக்கு ஆசை.

கொங்கு எழுத்தாளர் இல்லையா? இருக்கிறார், நீங்கள் எதிர்பாராத இடத்தில்! கோவையின் வானம்பாடிக் கவிஞர் புவியரசு, தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாஸவ் சகோதரர்கள்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். கிறிஸ்தவ நாவல் என்று உலகத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் பலர் சொல்வது அதைத்தான். சைபீரியச் சிறைக்குப் போகும் வழியில் தஸ்தயேவ்ஸ்கிக்குச் சில பெண்கள் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார்கள். சாகும் நாள் வரை அதை அவர் பிரியவில்லை. மண்ணில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றிய யோவான் வசனம்தான் அந்த நாவலின் முகப்பில் இருக்கிறது, அவர் கல்லறையிலும் அதுவே. பூமிக்குத் திரும்பி வந்த கிறிஸ்துவையே திருச்சபை அதிகாரி ஒருவர் சிறையில் அடைத்து விசாரிக்கும் அத்தியாயம் உண்டு. அதைக் கோவைக்காரரின் தமிழில் படிக்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய பாக்கியம்! கொங்குக் கிராமத்துச் சபையை, மஞ்சள் காட்டையும் தறிக்குழியையும் ஆலய மணியையும் சேர்த்துச் சொல்லும் அதே கனத்து நாவல் ஒன்று எனக்கு வேண்டும். யாராவது எழுதுங்கள்.

படித்தால் மட்டும் போதுமா? லூயிஸும் டோல்கீனும் இன்னும் சில நண்பர்களும் வாராவாரம் கூடி, எழுதியதை உரக்கப் படித்துத் திட்டும் பாராட்டும் வாங்கிக்கொண்டார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' அப்படித்தான் பகுதி பகுதியாக அந்த நண்பர்களின் காதில் விழுந்தது. நம்மிடம் வாலிபர் ஐக்கியம் இருக்கிறது, பெண்கள் ஐக்கியம் இருக்கிறது, ஆராதனை முடிந்து டீ குடிக்கும் அரை மணி நேரமும் இருக்கிறது. மாதம் ஒரு புத்தகம் எடுங்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கலாம், கோவை விஜயா பதிப்பகத்தில் கேட்கலாம், சபை நூலகத்தின் பூட்டிய அலமாரியைத் திறக்கச் சொல்லலாம். ஆங்கிலப் புத்தகம் என்றால், ஆங்கிலம் படிக்கிற பிள்ளையை ஓர் அத்தியாயம் படித்துவிட்டு வந்து தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். பிரசங்கமாக ஆக்கிவிடாதீர்கள். எந்த இடத்தில் கண் கலங்கியது, எந்த இடத்தில் கோபம் வந்தது, எங்கே நம்ப முடியவில்லை என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்ல விடுங்கள், சபை ஐயர் பக்கத்தில் இருந்தாலும்.

முதல் மாதத்துக்கு 'கிரானி பிராண்ட்'. வாகனம் வைத்துக் கொல்லிமலைக்கே போய் அங்கே உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது. இரண்டாம் மாதம் 'புத்தம் வீடு', சின்னப் புத்தகம், இரண்டு நாளில் முடிந்துவிடும். 'கரமாஸவ்' வேண்டுமென்றால் மழைக்காலம் முழுவதையும் ஒதுக்கிவையுங்கள்.